அப்பாக்களே, உஷார்! கவனத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 4 வயது மகளை ஒரு மாலில் இருந்த ‘ப்ளே ஏரியா’வுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு, கட்டாயம் வாங்கியே ஆக வேண்டிய சாக்ஸுக்கு இவ்வளவு, வெளியே வந்ததும் ஐஸ்கிரீம், பார்க்கிங் என்று வீடு திரும்புவதற்குள் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கரைந்துவிட்டது. அன்று ராத்திரி சாதம் ஊட்டிக்கொண்டே என் அம்மா அவளிடம் கேட்டார்.

“அப்பாவோட என்னடி தங்கம் விளையாடின?”

“அப்பா விளையாடல பாட்டி. வெளியில உக்காந்து என் செருப்பைப் பார்த்துக்கிட்டாரு.”

அவள் குரலில் குறையே இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் ஏறினாள், சறுக்கினாள். இந்தப் பக்கம் அவளுடைய குட்டிச் செருப்பைக் காலடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் எத்தனை தடவை என்னைத் திரும்பிப் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு அடித்த அபாய மணியைத்தான் உங்களுக்கும் அடிக்கிறேன். சின்னக் குழந்தைகள் வைத்திருக்கும் அப்பாக்களே, உஷார்! பிள்ளையோடு நேரம் செலவழிக்கக் காசு வேண்டும் என்று நம்பி நாளைத் தள்ளிப்போடாதீர்கள். காசே இல்லாமல் அதைச் செய்ய எத்தனையோ வழி இருக்கிறது. ஆனால் அந்த ஒவ்வொரு வழியிலும் காசுக்குப் பதிலாக நீங்கள் கொடுக்க வேண்டியது கவனம். காசில் எவ்வளவு வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள். கவனத்தில் மிச்சம் பிடித்தால், இழப்பது நேரம் மட்டும் இல்லை. சில சமயம் பிள்ளையின் உடம்பும் உயிரும் சேர்ந்தே போகும்.

‘சம்பளம் வரட்டும்’ என்கிற பொறி

“அப்பா, பார்க்குக்குப் போலாமா?” என்று பிள்ளை கேட்கும். “ஒண்ணாம் தேதி வரட்டும்டா, பெரிய இடமா போலாம்” என்போம். ஒண்ணாம் தேதி வரும். கூடவே வாடகை, பள்ளிக் கட்டணம், வண்டி தவணை எல்லாம் வரும். பெரிய இடம் அடுத்த மாதத்துக்குப் போகும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 வயது முடிந்ததிலிருந்து 8 வயது முடியும்வரை உங்கள் கையில் இருப்பது சுமார் 260 ஞாயிற்றுக்கிழமைகள். கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல், ஓவர்டைம் எல்லாவற்றையும் இதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் அவர்களுக்கென்று நண்பர்கள், டியூஷன், அவர்களுடைய உலகம். “வாப்பா” என்று நாம் கூப்பிட, “போங்கப்பா” என்று அவர்கள் சொல்லும் காலம் வந்துவிடும்.

இன்னொரு கணக்கு. மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம் மாலுக்குப் போனால் வருடத்துக்கு 12 மணி நேரம். அதிலும் நாம் கண்ணாடிக்கு வெளியே. தினமும் வெறும் 20 நிமிடம் ஒதுக்கினால் வருடத்துக்கு 7,300 நிமிடம். அதாவது 121 மணி 40 நிமிடம். முன்னதற்கு ஆயிரக்கணக்கில் செலவு, பின்னதற்கு ஒரு பைசா கிடையாது. தள்ளிப்போடுவது எதை என்று இப்போது தெரிகிறதா?

அமைதியாக இருக்கிறது என்று நம்பாதீர்கள்

அலுத்துக் களைத்து வீட்டுக்கு வருகிறோம். பிள்ளை காலைக் கட்டிக்கொள்கிறது. கையில் இருக்கும் போனைக் கொடுத்தால் அடுத்த நொடி வீடு நிசப்தம். செலவே இல்லாத வழி இதுதான் என்று தோன்றும். உஷார்! இருப்பதிலேயே விலை அதிகமான வழி இதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2 வயது முடியாத குழந்தைக்குத் திரை முன் உட்காரும் நேரமே வேண்டாம் என்கிறது. 2 வயதிலிருந்து 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. ஒரு வயது தாண்டிய குழந்தை நாள் முழுக்கச் சேர்த்து 180 நிமிடமாவது ஓடியாடி உடம்பை அசைக்க வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதல்தான்.

காரணம் எளிது. பிள்ளை விரலை நீட்டி “காக்கா!” என்கிறது. நாம் திரும்பிப் பார்த்து, “ஆமா, வாயில என்ன கவ்வியிருக்கு பாரு” என்கிறோம். அது யோசித்து, “வடை” என்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பேச்சு வளர்கிறது. போனில் ஓடும் காக்காவிடம் என்ன கேட்டாலும் பதில் வராது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

சரி, காசு இல்லாமல் என்னதான் செய்வது? நான் செய்து பார்த்தவற்றைச் சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே எங்கே உஷாராக இருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

1. வீட்டு வேலையே விளையாட்டு

பட்டாணி உரிப்பது, கீரை ஆய்வது, துணி காயப்போடுவது, ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவுவது. நமக்கு இது வேலை. மூணு வயதுப் பிள்ளைக்குத் திருவிழா. மாடியில் நான் துணியை உதறிக் கொடியில் போடுவேன். மகள் கிளிப் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, சட்டைக்கு நீலம், பாவாடைக்குச் சிவப்பு என்று எடுத்துக் கொடுப்பாள். நிறம், எண்ணிக்கை, பெரிசு சின்னது எல்லாம் அந்தக் கால் மணி நேரத்தில் தானாக வந்துவிடும்.

உஷார்: தண்ணீர் நிரம்பிய பக்கெட்டை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போகாதீர்கள். தவழும், தத்தி நடக்கும் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை கனம். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் அதனால் எழுந்துகொள்ள முடியாது. சில அங்குலத் தண்ணீரே போதும். சத்தம்கூட வராது. வேலை முடிந்ததும் பக்கெட்டைக் கவிழ்த்து வையுங்கள். மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரமாக நாற்காலி, பெட்டி, பூந்தொட்டி எதுவும் இருக்க வேண்டாம். பிள்ளைக்கு அது ஏணி.

2. ஜன்னலோர சீட்

தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் 5 வயது வரை குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. ரயிலிலும் 5 வயதுக்குள் இலவசம். சென்னை மின்சார ரயிலில் நமக்கான டிக்கெட் 5 ரூபாயிலிருந்து ஆரம்பிக்கிறது. கூட்டம் இல்லாத ஞாயிறு காலையில், எங்கே போகிறோம் என்ற கவலையே இல்லாமல் ஏறி, கடைசி ஸ்டேஷன்வரை போய்த் திரும்பி வாருங்கள். ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள். எதிரில் வரும் ரயிலுக்குக் கையாட்டுங்கள். வழிக்கு இட்லி கட்டிக்கொண்டு போனால் அதுவே சுற்றுலா.

உஷார்: ரயிலில் வாசல் பக்கம் நிற்கவே வேண்டாம். பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னாலேயே நில்லுங்கள். ஓடிப்போய் ஏறாதீர்கள். அந்த ரயிலை விட்டால் அடுத்தது வரும்.

பைக் ரவுண்டு என்றால் இரட்டிப்பு உஷார். பெட்ரோல் டேங்க் மேலே பிள்ளையை உட்காரவைத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு ஓட்டும் அப்பாக்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறேன். திடீர் பிரேக் போட்டால் நம் முழு எடையும் அந்தப் பிஞ்சு உடம்பின் மேல்தான் இறங்கும். 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் இருக்கும் மத்திய மோட்டார் வாகன விதிப்படி, 4 வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை கட்டாயம். 9 மாதத்திலிருந்து குழந்தைக்கும் தலைக்கவசம் கட்டாயம். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 4 வயதுக்கு மேல் என்றால் பெரியவர்களைப் போலவே அவர்களுக்கும் ஹெல்மெட் வேண்டும். “இதோ இந்த முக்குவரைக்கும்தானே” என்று சொல்லாதீர்கள். முக்கிலும் லாரி வரும்.

3. மணலும் காற்றும்

கடற்கரையோ, ஏரிக்கரையோ, முனிசிபல் பார்க்கோ எதுவானாலும் சரி. ஒரு பழைய டம்ளர், ஒரு தேங்காய்ச் சிரட்டை, ஒரு கரண்டி. மணல் வீடு கட்ட இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கட்டுவதற்கு அரை மணி நேரம், அலை வந்து கலைப்பதைப் பார்த்துக் கத்துவதற்கு அரை நிமிடம், மறுபடி கட்டுவதற்கு இன்னொரு அரை மணி நேரம்.

உஷார்: கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று பிள்ளையின் கையை விடாதீர்கள். திரும்பிப் போகும் அலை காலடி மணலையும் சேர்த்தே அரித்துக்கொண்டு போகும். நம்மையே தள்ளாடவைக்கும் இழுப்பு அது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் பிள்ளை இருக்க வேண்டும். போட்டோ எடுக்கிறேன் என்று நாம் பின்னால் நகரும் அந்த நாலடிதான் எமன்.

அடுத்தது வாய். 4 வயது ஆகும்வரை வறுத்த வேர்க்கடலையை முழுசாகக் கொடுக்காதீர்கள். பாப்கார்னும் வேண்டாம். ஓடிக்கொண்டே மெல்லும்போது மூச்சுக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும். சுண்டலை மசித்துக் கொடுங்கள், உட்காரவைத்துக் கொடுங்கள். ரோஸ் நிறப் பஞ்சுமிட்டாய் கேட்டு அடம்பிடித்தாலும் இரங்காதீர்கள். துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் அதில் இருப்பது சோதனையில் தெரிந்த பிறகுதான் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனைக்கே தடை போட்டது.

தொண்டையில் எதுவாவது அடைத்துக்கொண்டு, பிள்ளையால் இருமவோ அழவோ பேசவோ முடியவில்லை என்றால், விரலை விட்டுத் துழாவாதீர்கள். அது இன்னும் உள்ளே தள்ளிவிடும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தையை முன்பக்கமாகக் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தட்டு தட்ட வேண்டும். வரவில்லை என்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கும் நெஞ்சுக்குழிக்கும் நடுவில் கையை முஷ்டியாக வைத்து, உள்ளேயும் மேலேயுமாக 5 முறை அழுத்த வேண்டும். வெளியே வரும்வரை இதை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. தொடையின் மேல் தலை தாழக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் 5 தட்டு, பிறகு மல்லாத்தி மார்பு நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 அழுத்தல். பக்கத்தில் யாரையாவது உடனே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். பிள்ளை நினைவிழந்தால் உடனே நெஞ்சை அழுத்தும் முதலுதவி தேவைப்படும். இதையெல்லாம் ஒரு டாக்டரிடமோ முதலுதவி வகுப்பிலோ ஒரு முறை நேரில் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

4. பாட்டன் காலத்துச் சொத்து

தென்னை ஓலையில் காற்றாடி, பூவரசு இலையில் பீப்பீ, நுங்குக் கூந்தலில் வண்டி, செய்தித்தாளில் கப்பல். கரண்ட் போனால் டார்ச் வெளிச்சத்தில் சுவரில் மானும் நாயும் வரவைக்கலாம். தாயம் உருட்டலாம். 14 குழிப் பல்லாங்குழியில் முத்தைப் போட்டுக்கொண்டே வந்தால் கூட்டல் கழித்தல் தானாக வரும். பலகை இல்லையா? தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டால் அதுதான் குழி.

உஷார்: 3 வயதுக்குட்பட்ட குட்டி வீட்டில் இருந்தால் புளியங்கொட்டை, சோழி, கோலிக்குண்டு எதையும் அதன் கை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள். ஒன்று குறைந்தால் கிடைக்கும்வரை தேடுங்கள். வெடித்த பலூன் துண்டைக் கையோடு பொறுக்கிக் குப்பையில் போடுங்கள். பட்டம் விடுவதென்றால் வெறும் பருத்தி நூல்தான். நைலான் மாஞ்சாவை 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்துவிட்டது. கழுத்தை அறுக்கும் நூல் அது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து திருவிழாக் கடையில் 20, 30 ரூபாய்க்கு வாங்கும் விளக்கு எரியும் மோதிரமும், பாட்டுப் பாடும் பொம்மையும்தான். அதற்குள் இருக்கும் வட்டமான பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டால், அது உணவுக்குழாயில் சிக்கி இரண்டே மணி நேரத்தில் கடுமையாக வெந்துபோகச் செய்துவிடும். “வாழைப்பழம் கொடுத்தா வெளிய போயிடும்”, “சோத்து உருண்டையை முழுங்கச் சொல்லு” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வாந்தி எடுக்கவைக்காதீர்கள். நேராகப் பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். தண்ணீரில் ஊறிப் பருக்கும் வண்ண ஜெல்லி உருண்டைகளும் அப்படித்தான். வயிற்றுக்குள் போனாலும் ஊறி, குடலை அடைக்கும். பேட்டரி அறையை ஸ்க்ரூ போட்டு மூடாத பொம்மை வேண்டவே வேண்டாம்.

5. உப்பு மூட்டையும் யானை சவாரியும்

அப்பாவின் உடம்பைவிடச் சிறந்த விளையாட்டுத் திடல் பிள்ளைக்குக் கிடையாது. முதுகில் உப்பு மூட்டை, பாயில் யானை சவாரி, வயிற்றின் மேல் படகு, கிச்சுக்கிச்சு. ஆனால் இதில்தான் நானே தவறினேன். அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மகளுக்கு அப்போது இரண்டரை வயது. கோயிலுக்கு நடந்து போகும்போது ஒரு கையை நான் பிடித்திருந்தேன், மறு கையை என் மனைவி. “ஒண்ணு... ரெண்டு... மூணு!” என்று அவளை அந்தரத்தில் ஊஞ்சலாட்டிக்கொண்டே போனோம். சிரித்துக்கொண்டே வந்தவள் மூன்றாவது தடவை வீறிட்டாள். கீழே இறக்கினால் இடது கை அசையவே இல்லை. துணி பொம்மையின் கைபோலப் பக்கத்தில் தொங்கியது. வீக்கமும் இல்லை, ரத்தமும் இல்லை. தொட்டால் மட்டும் அலறினாள்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, “கையைப் பிடிச்சு இழுத்தீங்களா?” என்பதுதான். முழங்கையை ஒரு கையால் தாங்கி, மணிக்கட்டை மெல்லத் திருப்பி மடக்கினார். ஒரே நொடி. கொஞ்ச நேரத்தில் அவர் மேஜையில் இருந்த பேனாவை அந்த இடது கையாலேயே எடுத்தாள். நான் அப்போதுதான் மூச்சே விட்டேன்.

5 வயதுக்குள் முழங்கை எலும்பைச் சுற்றிப் பிடித்திருக்கும் நார் வளையம் தளர்வாக இருக்கும், வெடுக்கென்று இழுத்தால் எலும்பு அதிலிருந்து நழுவிவிடும் என்று விளக்கினார். ஆகவே உஷார்: தூக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்குங்கள். கையைப் பிடித்துத் தூக்குவதும், ரோட்டில் தரதரவென்று இழுப்பதும், சுற்றுவதும் வேண்டாம். கை தொங்கினால் சுளுக்கு எடுப்பவரிடம் போகாமல் டாக்டரிடம் போங்கள். எலும்பு முறிவாக இருந்தால் டாக்டரால்தான் சொல்ல முடியும். கைக்குழந்தையை மேலே தூக்கிப் போட்டுப் பிடிக்காதீர்கள். அழுகையை நிறுத்த முடியாத ஆத்திரத்தில் ஒருபோதும் குலுக்காதீர்கள். கழுத்து நிற்காத வயதில் குலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். பொறுமை போய்விட்டது என்று தெரிந்தால், பிள்ளையைப் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

6. கதையும் புத்தகமும்

சென்னையில் 2010-ல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினராக ஆகும் செலவு சொற்பம். படிப்பு வாசனையே இல்லை என்று தயங்க வேண்டாம். “நான் சின்னப் பையனா இருந்தப்போ...” என்று ஆரம்பியுங்கள். கிணற்றில் விழுந்த செருப்பு, வாத்தியாரிடம் வாங்கிய அடி எதுவானாலும் சரி. நேற்றுச் சொன்னதையே இன்றும் கேட்பார்கள், மாற்றிச் சொன்னால் திருத்துவார்கள்.

உஷார்: கதை நடுவில் போன் அடித்தால் எடுக்காதீர்கள். அந்த நேரத்தை ரீல்ஸாக எடுத்து ஊருக்குக் காட்டாதீர்கள். பள்ளிச் சீருடையோடு, வீட்டு வாசல் தெரிய, பெயர் சொல்லிப் போடும் வீடியோவை யார் யாரோ பார்க்கிறார்கள். பிள்ளை உங்கள் கண்ணைப் பார்த்துப் பேசும்போது நடுவில் கேமரா எதற்கு?

இன்றைக்கே!

எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். ஒன்றை எடுங்கள். தினமும் அதே 20 நிமிடம், அதே நேரம். களைப்பாக இருந்தால் பாயில் படுத்துக்கொண்டே கதை சொல்லுங்கள், போதும். ராத்திரி ஷிப்ட் என்றால் காலையில் பல் தேய்க்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் வேலை என்றால் தினமும் ஒரே நேரத்துக்குப் போனில் கூப்பிட்டு, “இன்னைக்கு என்ன குழம்பு?” என்று கேளுங்கள். அந்த நேரத்துக்காக ஒரு சின்ன ஜீவன் காத்திருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இப்போதெல்லாம் என் அம்மா அதே கேள்வியைக் கேட்டால் மகள் மூச்சு விடாமல் பேசுகிறாள். ஏழு நீலக் கிளிப் எடுத்துக் கொடுத்தது, ரயிலில் ஒரு தாத்தா கொய்யாக்காய் வாங்கியது, அப்பா பீப்பீ ஊதத் தெரியாமல் ஊதியது என்று சாதம் ஆறிப்போகும்வரை சொல்கிறாள்.

இன்று வேலை முடிந்து வாசல் படியில் நிற்கும்போது, போனை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டுச் செருப்பைக் கழற்றுங்கள். உள்ளே ஓடி வரும் காலடிச் சத்தம் கேட்கிறது, பாருங்கள்.